ஆமை போல்ட்

காலை ஏழு மணிக்கு ஆமையண்ணன் தன் லாரியின் பத்து டயர்களையும் இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டிருந்தார். காற்று நிறைந்த டயர் ணங்கென்று கம்பியைத் திருப்பி அடிக்கும். காற்று குறைந்தது மொத்தென்று அமுங்கும். லாரி செட்டில் காற்றளக்கும் மீட்டர் ஒன்று ஆணியில் தொங்கியது. அவர் அதைத் தொடுவதில்லை. மீட்டருக்கு என்ன, அதுவா வண்டியில் உட்கார்ந்து மலை இறங்கப்போகிறது என்பார்.

தட்டி முடித்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். நேற்று மாலையிலிருந்து நின்ற வண்டி சுடாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் வைத்துப் பார்ப்பார். முப்பத்திநாலு வருஷப் பழக்கம். டிரைவரின் உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்குச் சூடு தெரியாது, புறங்கைதான் உள்ளதைச் சொல்லும் என்பது அவர் கட்சி.

அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கட்சி இருந்தது. கிளட்ச் மேல் சும்மா கால் வைத்திருப்பவன் முதலாளி காசைத் தின்கிறான். காலையில் எஞ்சினை எழுப்பியவுடன் உறுமவிடுகிறவன், தூங்கி எழுந்த குழந்தையை அறைகிறவன். வண்டி ஓட்டும்போது போன் அடித்தால், எமனே கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக் வண்டியை நிறுத்துவதற்கு, மலையிலிருந்து இறக்குவதற்கு அல்ல. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறவனைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். பதினேழு வளைவு மலைப்பாதையை அவர் ரெண்டாம் கியரில் உருட்டி உருட்டி இறங்குவதைப் பார்த்துத்தான் செட்டில் அந்தப் பெயரை வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு வயசுக்கு மரியாதையாக ஓர் அண்ணனைச் சேர்த்து நேரிலேயே கூப்பிட்டார்கள்.

கம்பியை வைக்க வண்டியின் பின்னால் போனபோது, அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மெக்கானிக்கின் கால்கள். இருபது வருஷமாக அவரோடு ஒரே பெஞ்சில் டீ குடிக்கிற ஆள்.

"என்னய்யா பண்ற கீழ?"

"நேராக்குறேன்."

"எதை?"

"வண்டியை. பிரேக் பிடிச்சா வலப்பக்கம் இழுக்குதுன்னு நீதானே புகார் நோட்டுல எழுதின?"

"இடது பின்சக்கரத்துல பிரேக் இல்ல, அதான் இழுக்குது. அதைச் சரி பண்ணு."

மெக்கானிக் நெளிந்து வெளியே வந்து உட்கார்ந்தார். கையில் பதினேழாம் நம்பர் ஸ்பானர் இருந்தது. ஆமையண்ணன் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "வலது பின்சக்கரத்துக்குப் போற பிரேக் காத்தையும் அடைச்சிட்டா இழுக்காதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அடைச்சிட்டேன். இனிமே நூல் பிடிச்ச மாதிரி போகும்."

ஆமையண்ணன் குனிந்து வண்டிக்கடியில் பார்த்தார்.

"அடப்பாவி! ஒரு பக்கம் பிடிக்கலன்னு எழுதினேன். பிடிக்கிற பக்கத்தையும் புடுங்குன்னா எழுதினேன்?"

"எங்கிட்ட ஏன் பாயுற? ஓடுற வண்டியில கை வைக்காத, நின்ன வண்டியை மட்டும் பாருன்னு எனக்கு உத்தரவு. உன் வண்டி ஓடுதுல்ல. ஓட வச்சது யாரு? நீதான்."

அது உண்மை. அதுதான் அவரைச் சுட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், சிமென்ட் மூட்டைகளோடு இறங்கும்போது, ஒன்பதாம் வளைவில் அது நடந்தது. பிரேக்கை மிதித்ததும் இடது பின்சக்கரத்தருகே புஸ்ஸென்று சத்தம். அங்கே காற்றை வாங்கி பிரேக்கை அழுத்துகிற ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. மிதிக்க மிதிக்கக் காற்று அந்த ஓட்டை வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். டேங்க் காலியானால் மிச்சமிருக்கும் ஐந்து சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. வேறொருவனாக இருந்தால் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு போனில் அழுதிருப்பான். ஆமையண்ணன் அந்தச் சக்கரத்துக்குப் போகும் குழாயைக் கழற்றினார். சீட்டுக்கடியில் இருந்த டப்பாவைக் கவிழ்த்து, மரை சேருகிற போல்ட் ஒன்றைத் தேடி எடுத்தார். அதற்கு டேப் சுற்றிக் குழாயின் வாயில் திருகி அடைத்தார். பிறகு ரெண்டாம் கியரைப் போட்டு எட்டு வளைவையும் இறங்கி, ஒரு மூட்டை கிழியாமல் லோடைக் கொண்டு சேர்த்தார்.

மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். செட்டில் அத்தனை பேருக்கும் டீ வந்தது. ஆமையண்ணனும் சும்மா இருந்தாரா? எப்படி அடைத்தார், எந்த போல்ட், எத்தனை சுற்று டேப் என்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் ஒரு வாரம் சொன்னார். அந்தப் பெருமைதான் வினையாக வந்து முடிந்தது. வண்டியை வீடு கொண்டுவந்து சேர்க்கப் போட்ட போல்ட் அப்படியே அங்கே தங்கிவிட்டது. புகார் நோட்டில் எழுதினார். "பார்ட்ஸ் சொல்லியிருக்கேண்ணே" என்றார் மேனேஜர். மறுபடி எழுதினார். ஐந்து டிரிப் ஓடிவிட்டது. ஒவ்வொரு டிரிப்புக்கும் முன்னால் ஒரு சீட்டு உண்டு. வண்டி நல்ல நிலையில் உள்ளது என்று அச்சடித்திருக்கும், கீழே டிரைவர் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் கேட் திறக்காது. ஐந்து சீட்டிலும் அவர் கையெழுத்து இருந்தது.

மேனேஜரின் அறையில் ஃபேன் சுற்றும்போதெல்லாம் மேசைமேல் இருந்த சீட்டுகள் படபடத்தன. மேனேஜர் முப்பத்தைந்து வயதுக்காரர், கத்திப் பேசாதவர்.

"இந்தச் சீட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி. ஆறு இடத்துல பிரேக் இருக்க வேண்டிய வண்டி அது. இப்ப நாலுதான் இருக்கு. பதினாறு டன்னோட மலை இறங்கச் சொல்றீங்க."

"உட்காருங்கண்ணே. போட வேணாம். யாரு கட்டாயப்படுத்துறா?" மேனேஜர் ஃபைலைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். "ஆனா இதைப் பாருங்க. அஞ்சு தடவை நல்ல நிலைன்னு நீங்களே போட்டிருக்கீங்க. இன்னைக்குக் கெட்டுப்போன வண்டின்னா, இத்தனை நாளா எப்படி வந்துச்சு?"

"வண்டி வரல தம்பி. நான் கொண்டுவந்தேன்."

"அதைத்தாண்ணே நானும் சொல்றேன்."

ஆமையண்ணன் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து கையெழுத்தும் ஒரே மாதிரி, கடைசி எழுத்தின் வால் ஒரே பக்கம் வளைந்து இருந்தன. இதை எடுத்துக்கொண்டு எந்த அதிகாரியிடம் போவது? முதல் கேள்வியே அவரைத்தான் கேட்பார்கள்.

மேனேஜர் ஜன்னல் வழியாக வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "மாப்ளை சும்மாதானே இருக்காரு? வரச் சொல்லு."

மாப்ளை என்று செட்டே கூப்பிடுவது ஆமையண்ணனின் மருமகனை. எட்டு மாதத்துக்கு முன்னால் இவர் சிபாரிசில்தான் வேலைக்குச் சேர்ந்தான். மகளுக்கு இது ஏழாம் மாதம். நல்ல பையன், குடி கிடையாது, பொய் கிடையாது. இறக்கத்தில் மட்டும் நியூட்ரலில் விடுவான். மாதாமாதம் டீசல் மிச்சம் பிடித்ததற்குக் கிடைக்கிற பரிசை மனைவி கையில் கொடுத்து மகிழ்வான். மாமனார் சொன்னதில் ஒன்றே ஒன்றைத்தான் அவன் விடாமல் கடைப்பிடித்தான். ஓட்டும்போது போனை எடுப்பதில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். விஷயம் காதில் விழுந்ததும், "இதுக்கென்ன சார், நான் போறேன். சாவியைக் குடுங்க," என்று கையை நீட்டினான்.

சாவியை ஆமையண்ணன் எடுத்தார். பேனாவையும் எடுத்தார். ஆறாவது கையெழுத்தின் வாலும் அதே பக்கம்தான் வளைந்தது.

நண்பகலில் மலை உச்சியில் வண்டியை ஓரங்கட்டி, பிரேக் காற்றளவைக் காட்டும் முள் முழுக்க ஏறும்வரை காத்திருந்தார். இந்தத் தடவை ரெண்டாம் கியரைக்கூட நம்பவில்லை. முதல் கியரில் விட்டார். எஞ்சின் அலறியது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரனால் திட்டின. ஒருத்தன் முந்திப் போகும்போது தலையை வெளியே நீட்டி, "தள்ளிக்கிட்டு வர்றியா பெரிசு?" என்று கேட்டான். ஆமையண்ணனின் வலது கால் பிரேக்குக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. பதினோராம் வளைவில் கீழிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. மிதித்தார். வண்டி யோசித்தது. ஓர் ஆள் நீளம் போன பிறகுதான் நின்றது. பஸ்ஸின் ஜன்னலில் ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடிக்கும் அவள் ஜன்னலுக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்தது. அந்த இடத்தில் மருமகன் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. அதை முடிக்க விடாமல் கியரைப் பிடித்துக்கொண்டார்.

அடிவாரத்தில் இறங்கிச் சக்கரம் சக்கரமாகப் புறங்கையை வைத்தார். முன்னால் இரண்டும், நடுவில் இரண்டும் கொதித்தன. பின்னால் இரண்டும் காலையில் இருந்த மாதிரியே குளிர்ந்து கிடந்தன.

இரண்டு நாள் கழித்து, லோடை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகச் செட்டுக்குத் திரும்பினார். மெக்கானிக் பெஞ்சில் அவருக்கு இடம்விட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெயிண்ட் டப்பா ஒன்று. உள்ளே புதிய போல்ட்டுகள், லேத்தில் ஒரே அளவாகக் கடைந்தவை, எண்ணெய் மின்னியது. டப்பாவின் மேல் சாக்பீஸால் 'ஆமை' என்று எழுதியிருந்தது.

ஆமையண்ணன் உட்கார்ந்து டப்பாவுக்குள் கையை விட்டார். "என்னய்யா இது?"

"மேனேஜர் ரெண்டு டஜன் அடிக்கச் சொன்னாரு. நாலு பிரேக் இருந்தாலே இறக்கிடலாம்னு நீ காட்டிட்டியாம். எல்லா வண்டிக்கும் ஸ்டாக் இருக்கட்டும்னாரு. பசங்க ஆமை போல்ட்டுன்னு பேரு வச்சிட்டானுங்க." மெக்கானிக் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நேத்தே ரெண்டு போட்டேன்."

"எந்த வண்டிக்கு?"

மெக்கானிக் கேட் பக்கம் பார்த்தார்.

அங்கே சிமென்ட் ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. ஆமையண்ணன் டப்பாவுக்குள் விட்ட கையோடு எழுந்து ஓடினார். முப்பத்திநாலு வருஷத்தில் செட்டுக்குள் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இறங்குங்க மாப்ளே. சொன்னா கேளுங்க, இறங்குங்க."

மருமகன் ஜன்னலில் முழங்கையை வைத்துக் குனிந்தான். முகம் சிவந்திருந்தது.

"இறங்கினா வேற ஆளு ஏறுவான் மாமா. வெளிய பத்துப் பேரு நிக்கிறான். அன்னைக்கு எனக்குப் பதிலா நீங்க போனதையே இன்னும் சொல்லிச் சிரிக்கிறாங்க."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. உங்க வண்டியில நாலு பிரேக்குதான்!"

"உங்க வண்டியிலயும் நாலுதானே? நீங்க இறக்கினீங்கள்ல? நீங்க செஞ்ச மாதிரியேதான் செஞ்சிருக்கு. பயப்படாதீங்க."

வாட்ச்மேன் குறுக்குக் கம்பத்தைத் தூக்கினார். லாரி நகர்ந்தது. ஆமையண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். "முதல் கியரு மாப்ளே. ஏறினது எதுவா இருந்தாலும் முதல் கியரு. நியூட்ரல் வேணாம். அவளை நினைச்சுக்கிட்டு இறங்குங்க." மருமகன் தலையை ஆட்டினான். கேட்டுக்கொண்டதற்கா, போதும் என்பதற்கா என்று தெரியவில்லை. லாரி வேகம் பிடித்தது. கதவு அவர் கையை விட்டுப் போனது.

தெருமுனைக்கு முன்னால் மருமகன் பிரேக்கை மிதித்தான். வண்டி துளிகூட இழுக்காமல் நேராகப் போய் மறைந்தது.

அப்போதுதான் பதினோராம் வளைவைப் பற்றிச் சொல்லவில்லை என்பது அவருக்கு உறைத்தது. அங்கே முன்கூட்டியே மிதிக்க வேண்டும், ஓர் ஆள் நீளம் முன்னாலேயே. போனை எடுத்து மருமகனைக் கூப்பிட்டார். மணி அடித்தது. அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் முழுக்க அடித்து நின்றது. எமனே கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது என்று மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் காதில் போனை வைத்தபடி தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே," வாட்ச்மேன் ஒரு சீட்டோடு வந்தார். "வந்ததுல இருந்து கையெழுத்துப் போடல. இது வந்தாத்தான் உங்க அடுத்த லோடு ஏறும்னு மேனேஜர் சொல்றாரு."

"அடுத்த லோடு எங்க?"

"அதே மலைதான்."

ஆமையண்ணன் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பேனாவுக்காகக் கையை நீட்டினார். விரல்கள் மூடியே இருந்தன. திறந்தார். உள்ளே டப்பாவிலிருந்து எடுத்த போல்ட் இருந்தது. காய்த்த உள்ளங்கையில் அதன் மரை வரிவரியாகப் பதிந்திருந்தது. போல்ட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வண்டி நல்ல நிலையில் உள்ளது என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.