ஏழுக்குப் பிந்தும் அன்ரனிட்டா

நிலத்தில் நின்றால் அன்ரனிட்டா பிழை விடுவதில்லை. தோழிகளின் கைகளில் ஏறி நின்றால் மட்டும் ஒரு எண் பிந்திவிடுகிறாள். ஏன் என்று நிலக்சனா ரீச்சருக்கு விளங்கவில்லை.

பிந்துவதில் என்ன வந்தது என்று கேட்பவர்களுக்காகச் சியர்லீடிங் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதில் எல்லாமே எட்டு எண்களுக்குள் அடங்கும். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று மூன்றாமவளின் பாதங்களைக் கைகளில் வாங்கித் தோள் உயரத்துக்குத் தூக்குவார்கள். நான்காமவள் பின்னால் நின்று அவளுடைய கணுக்கால்களைப் பிடித்துக்கொள்வாள். மேலே நிற்பவள் கைகளை விரித்துச் சிரிப்பாள். ஏழாம் தாளத்தில் கீழே நிற்பவர்கள் முழங்காலை மடித்து அவளை மேலே எறிவார்கள். அதே ஏழில் அவள் கைகளை ஒடுக்கி உடம்பை விறைப்பாக்க வேண்டும். எட்டில் மூவரின் கைகளிலும் படுத்தபடி வந்து விழுவாள். நால்வருக்கும் ஏழு ஒரே நேரத்தில் வந்தால், எறிந்ததும் பிடித்ததும் கண்ணுக்கே தெரியாது. மேலே நிற்பவளுக்கு மட்டும் ஏழு பிந்தி வந்தால், கை விரித்தபடி நெல்லு மூட்டை மாதிரி வந்து விழுவாள். அன்று காலை அன்ரனிட்டா அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தாள். கடைசியாக விழுந்தபோது அவளுடைய முழங்கை பட்டு, கீழே நின்ற றஞ்சனியின் உதடு வெடித்தது.

போட்டி அன்று மாலையே. புங்குடுதீவில், மடத்துவெளி மைதானத்தில். அழைப்பிதழில் 'சர்வதேச உற்சாக நடனப் போட்டி' என்று போட்டிருந்தது. எந்த அணியை உற்சாகப்படுத்த வருகிறார்கள் என்று ஊரில் பலர் கேட்டார்கள். ஒருவரையும் இல்லை, உற்சாகப்படுத்துவதுதான் போட்டி என்று சொன்னபோது, அதற்கு ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று அடுத்ததாகக் கேட்டார்கள். ரொறன்ரோ, பாரிஸ், லண்டன், சூரிச் என்று நான்கு அணிகள் வந்திருந்தன. நான்கு நாட்டுப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் மச்சாள் முறை. ஐந்தாவது நாடு இலங்கை. அதற்காக ஆட வேண்டியவர்கள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் எட்டுப் பெண்பிள்ளைகள். நிலக்சனா அங்கே விஞ்ஞானம் படிப்பிப்பவள். வேறு ஒருவரும் முன்வராததால் பயிற்றுநரும் ஆனாள். இப்போது அவளுக்கு அந்த எட்டுப் பேரையும் விட அதில் பைத்தியம்.

பாதுகாப்பைப் பார்க்கும் நடுவராக வந்தவள் பிரியவதனி. சூரிச்சில் பிறந்தவள். தாய் தகப்பனிடம் பழகிய தமிழை அப்படியே வைத்திருந்தாள். றஞ்சனியின் உதட்டைப் பார்த்துவிட்டு நிலக்சனாவிடம் வந்தாள்.

"பிழையாய் எடுக்காதேங்கோ ரீச்சர். பின்னேரம் ஒத்திகையிலை திரும்பப் பாப்பன். அப்பவும் அவ பிந்தினால் தூக்க விட ஏலாது. தூக்காத அணியைப் போட்டியிலை சேர்க்கவும் ஏலாது."

"விளங்குது," என்றாள் நிலக்சனா.

பக்கத்தில் நின்ற பாலசிங்கத்துக்கும் விளங்கியது. அவர்தான் விழாக்குழுத் தலைவர். ரொறன்ரோவில் இருந்து வந்தவர். "அதுக்கென்ன, கவலைப்படாதேங்கோ. வாசலிலை சந்தனத் தட்டுப் பிடிக்கிறதுக்கு ஆள் காணாமல்தான் நிக்கிறம். எட்டுப் பேரும் சாறி உடுத்துக்கொண்டு வந்தால் நல்ல வடிவாய் இருக்கும்."

எட்டுப் பேரும் அதைக் கேட்டார்கள். அந்தத் தீவுக்கு யார் வந்தாலும் தட்டுப் பிடிப்பது அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். கட்டடம் திறக்க வந்தவர்களுக்கும், அடிக்கல் நாட்ட வந்தவர்களுக்கும், அடிக்கல் எங்கே என்று தேடி வந்தவர்களுக்கும் அவர்களே பன்னீர் தெளித்தார்கள். இந்த ஒரு விழாவில்தான் வாசலைத் தாண்டி உள்ளே போகும் வேலை அவர்களுக்குக் கிடைத்திருந்தது.

இன்னொன்றையும் நிலக்சனா கவனித்தாள். சூரிச் அணியில் மேலே ஏறிய பிள்ளையும் பிந்தினாள். அதைப் பயணக் களைப்பு என்றார்கள். பாரிஸ் பிள்ளையும் பிந்தினாள். அவளுக்கு நித்திரை மாறிவிட்டது என்றார்கள். அன்ரனிட்டா பிந்தியபோது மட்டும் பயிற்சி போதாது என்றார்கள். மூன்று பேருக்கும் ஒரே பிழை, மூன்று காரணங்கள். ஒரு விஞ்ஞான ரீச்சருக்கு இது பிடிக்கிற கணக்கு இல்லை.

காரணம் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அவள் ரொறன்ரோ அணி அன்பளிப்பாகக் கொடுத்த புதுச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். வெறுங்காலோடும் பிந்தினாள். பணிசும் தேத்தண்ணியும் கொடுத்தாள். வயிறு நிறைந்த பிறகும் பிந்தினாள். உயரத்தில் நிற்கும் பயமாக இருக்கலாம் என்று ஒரு மேசையில் ஏற்றிவிட்டுப் பாட்டைப் போடச் சொன்னாள். மேசையில் நின்றபடி அன்ரனிட்டா ஏழுக்குச் சரியாகக் கையை ஒடுக்கினாள். மேசையில் இருந்து இறக்கிக் கைகளில் ஏற்றினார்கள். பிந்தினாள்.

"நான் பாட்டுக்குத்தான் செய்யிறன் ரீச்சர்," என்றாள் அன்ரனிட்டா. "பாட்டிலை ஏழு வரேக்கைதான் செய்யிறன். இவளவைதான் முந்தி எறியினம்."

"ஓமோம்," என்றாள் றஞ்சனி, உதட்டில் ஐஸ்கட்டியை வைத்தபடி. "உலகம் முழுக்க முந்தி, அன்ரனிட்டா ஒராள்தான் சரி."

"தட்டுப் பிடிக்கேக்கையாவது நேரத்துக்குப் பிடியும்," என்றாள் இன்னொருத்தி.

மற்றவர்கள் சிரித்தார்கள். நிலக்சனா சிரிக்கவில்லை. நேற்றுக் காலையும் இதே மைதானத்தில்தான் ஆடினார்கள். ஒரு பிழையும் வரவில்லை. மேசையில் சரி, கைகளில் பிழை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு முழம், ஒன்றரை முழம் உயரம்தான். அந்த ஒன்றரை முழத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

"என்னைத் தூக்குங்கோ," என்றாள்.

எட்டுப் பேரும் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"ரீச்சர்," என்றாள் றஞ்சனி மெதுவாக, "நீங்கள் எத்தினை கிலோ?"

"அது பாடத்திட்டத்திலை இல்லை. ஆறு பேர் வாங்கோ."

துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறினாள். ஆறு பேர் தூக்கினார்கள், ஏழாமவள் பின்னால் பிடித்தாள். நிலக்சனாவின் தலை மெல்ல மெல்லத் தகரத்துக்கு மேலே போயிற்று.

தகரம் என்றது மைதானத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலாக அடித்திருந்த தகர வேலியை. நேற்றுப் பின்னேரம்தான் அடித்தார்கள். சோளகக் காற்றை மறிக்க என்று பாலசிங்கம் சொல்லியிருந்தார். குட்டைப்பாவாடை போட்ட பிள்ளைகள் றோட்டுக்குத் தெரியக்கூடாது என்று சிலர் கேட்டுக்கொண்டதும் எல்லோருக்கும் தெரியும். ஊர் பார்க்கக்கூடாது. ஆனால் ஊர் கேட்காமல் இருந்தால் விழா நடந்தது எப்படித் தெரியும்? அதனால் இன்று விடியற்காலை, மண்டைதீவில் இருந்து வந்த ஒலிபெருக்கிக்கார றொஜன், றோட்டோரப் பனைகளில் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டியிருந்தான். பாட்டும், விழாவுக்குக் காசு கொடுத்த உபயகாரரின் பெயர்களும் அவற்றில் போயின.

நிலக்சனா தகரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பூட்டிய வீடுகள், பனைகள், பனைகளில் சாம்பல் நிறக் குழாய்கள். காற்று முகத்தில் அறைந்தது. றோட்டில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"என்ன ரீச்சர், நாங்கள்தான் உள்ளுக்கை எட்டிப் பாக்கக்கூடாது எண்டு சொன்னவை. நீங்கள் வெளியாலை எட்டிப் பாக்கிறியளே!"

"போற அலுவலைப் பாருங்கோ அண்ணை! றொஜன், பாட்டைப் போடும்!"

பாட்டு வந்தது. நன்றாகவே கேட்டது. இரைச்சல் இல்லை, குழப்பம் இல்லை. நிலக்சனா கண்ணை மூடிக்கொண்டு தாளத்துக்குக் கை தட்டினாள். "அன்ரனிட்டா, நீரும் கீழை நிண்டு எண்ணிக்கொண்டு தட்டும். ஏழுக்கு மட்டும் பலமாய்!"

ஏழாம் தாளத்தில் இரண்டு தட்டுகள் கேட்டன. கீழே முதலில், மேலே அடுத்ததாக.

"ரீச்சரும் பிந்துறா!" என்று எட்டுப் பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். அந்த மகிழ்ச்சியில் அவளைக் கீழே போடாமல் விட்டது பயிற்சியின் பலன்.

இறங்கியதும் அவளுக்கு எல்லாம் வெளிச்சமாயிற்று. கரையில் தூரத்தில் நின்று வள்ளத்துக்கு ஆணி அடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். சுத்தியல் ஆணியில் விழும், சத்தம் வராது. அடுத்த அடிக்குச் சுத்தியலை ஓங்கும்போதுதான் முதல் அடியின் சத்தம் வந்து சேரும். ஒலி நடந்துதான் வர வேண்டும். மைதானத்துக்குள் நிலத்தில் வைத்த பெட்டி ஸ்பீக்கர்கள் கீழே நிற்பவர்களுக்கு அருகிலேயே பாடின. வெளியே இருந்து வந்த சத்தத்தைத் தகரம் மறித்தது. ஆகவே கீழே நிற்பவர்களும் மேசையில் நிற்பவளும் ஒரே பாட்டைத்தான் கேட்டார்கள். தகரத்துக்கு மேலே தலை போனதும், றோட்டுப் பனையில் கட்டிய குழாய் காற்றோடு சேர்ந்து நேரே காதுக்குள் பாடியது. அந்தப் பாட்டு நூற்றைம்பது மீற்றர் தூரம் வந்து சேர அரைச் செக்கனுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். வேகமான அந்தப் பாட்டில் ஒரு தாளத்துக்கும் அடுத்த தாளத்துக்கும் இடையில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். பிந்தி வந்த தாளம் அடுத்த தாளத்தின் மேலேயே போய் உட்கார்ந்தது. அதனால்தான் ஒருவருக்கும் குழப்பமாகக் கேட்கவில்லை. கீழே எட்டு நடக்கும்போது மேலே ஏழு கேட்டது. அவ்வளவுதான்.

"அப்ப நான் சரியோ ரீச்சர்?" என்றாள் அன்ரனிட்டா.

"நீர் கேட்டதும் சரி, செய்ததும் சரி. உமக்கு வந்த பாட்டுத்தான் பிழை."

"இப்ப சொல்லன்," என்றாள் அன்ரனிட்டா, றஞ்சனியைப் பார்த்து.

றஞ்சனி ஐஸ்கட்டியை எடுத்தாள். "அப்ப என்ரை சொண்டை உடைச்சது ஸ்பீக்கரோ?"

மைதானத்துக்கு நேரே பாடிய குழாய் ஒன்றே ஒன்றுதான். அதன் வாய் ஒரு பூட்டிய வீட்டைப் பார்த்திருந்தது. அந்த வீட்டுக் கூரைக்கு மேலால் வந்த சத்தம்தான் மைதானத்துக்கு வந்தது. வீடு பாலசிங்கத்தினுடையது.

"அந்தக் குழாயை நிப்பாட்டவும் ஏலாது, திருப்பவும் ஏலாது பிள்ளை," என்றார் பாலசிங்கம். "எங்கடை வீட்டுக்கு எண்டு சொல்லிக் கட்டினது."

"வீட்டிலை ஆர் ஐயா இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. பூட்டிக் கிடக்கு."

"பின்னை ஆர் கேக்கிறது?"

"வீடு கேக்கும்."

"வீட்டுக்குச் சியர்லீடிங் விருப்பமோ ஐயா?" என்றான் றொஜன்.

"நீர் வயரைப் பாரும்."

நிலக்சனா ஆணியையும் சுத்தியலையும் சொன்னாள். தாளத்தின் மேல் தாளம் உட்காருவதை மணலில் கோடு கீறிக் காட்டினாள். பாலசிங்கம் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு தாளம் பிந்தினால் என்ன பிள்ளை? ரொறன்ரோவிலை நாங்கள் ஒம்பதரை மணித்தியாலம் பிந்தித்தானே இருக்கிறம். ஒண்டும் விழேல்லையே."

நிலக்சனா கோட்டைக் காலால் அழித்தாள். பிறகு கேட்டாள்: "ஐயா, காலமை தொடக்கம் குழாயிலை உபயகாரற்றை பேர் வாசிக்கினமே, உங்கடை பேர் வீட்டடியிலை கேக்குதோ?"

"கேக்காமல்?"

"ஒருக்காப் போய் நிண்டு பாருங்கோ. றொஜன், எப்பவும் வாசிக்கிற மாதிரி வாசியும்."

றொஜன் பாட்டை ஓடவிட்டு, அதன் மேலேயே பெயர்களை வாசித்தான். பாலசிங்கம் வீட்டடிக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது.

"என்ரை பேர் பாட்டுக்குள்ளை அமிழ்ந்து போச்சு. 'சிங்கம்' மட்டும் வந்தது."

"குழாய்க்குப் பாட்டைக் குடுக்காமல் பேரை மட்டும் குடுத்தால்?"

"பேர் மட்டுமோ?"

"பேர் மட்டும்தான். ஒவ்வொரு அணிக்கும் முதலும் ஒருக்கா, பிறகும் ஒருக்கா."

பாலசிங்கம் தன் வீட்டின் பக்கம் பார்த்தார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே ரீச்சர். என்னத்துக்கு இவ்வளவு விஞ்ஞானம்?"

செய்வதும் சுலபமாக இருந்தது. குழாய்களுக்கு ஒரு அம்பிளிபயர், பெட்டிகளுக்கு இன்னொன்று என்று றொஜன் ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருந்தான். ஒரு திருகைத் திருப்பினால் போதும்.

பின்னேரம் பிரியவதனி வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாட்டு தொடங்கியது. அன்ரனிட்டாவின் தலை தகரத்துக்கு மேலே போனது. அங்கே காற்றின் சத்தம் இருந்தது, கீழிருந்து வந்த பாட்டு இருந்தது, வேறொன்றும் இல்லை. ஏழு. அவள் எட்டில் கைகளுக்குள் இருந்தாள்.

"இன்னொருக்கா," என்றாள் பிரியவதனி.

இன்னொருக்காவும் சரி. அதற்குப் பிறகும் சரி.

"காலமை இப்பிடி இல்லையே. பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்?"

"பணிசு," என்றாள் றஞ்சனி.

"குழாயை நிப்பாட்டினனாங்கள்," என்றாள் நிலக்சனா.

எட்டுப் பேரின் பெயரும் போட்டியில் சேர்ந்தது. சூரிச் அணியின் பயணக் களைப்பும் பாரிஸ் அணியின் நித்திரையும் அதே பின்னேரம் குணமாகிவிட்டன. வாசலில் தட்டுப் பிடிக்க வேறு ஆள் அகப்படாததால், விழாக்குழுவினரே வேட்டி உடுத்து வரிசையில் நின்றார்கள். பாலசிங்கம் பன்னீர்ச் செம்பைப் பிடித்தார். எவ்வளவு உதற வேண்டும் என்று தெரியாமல் முதலில் வந்தவரைக் குளிப்பாட்டினார்.

இலங்கை அணி விரிப்பில் வந்து நின்றது. குழாய்களில் பாலசிங்கத்தின் பெயர் முழுதாகப் போய் அவருடைய வீட்டுச் சுவரில் முட்டியது. றொஜன் திருகில் கையை வைத்தபடி நிலக்சனாவைக் கூப்பிட்டான்.

"ரீச்சர், கடைசியாய் ஒருக்காச் சொல்லுங்கோ. எது எப்ப?"

"பேர் வாசிக்கேக்கை குழாயைப் போடும். பாட்டு ஓடேக்கை குழாயை நிப்பாட்டிப்போட்டு, பெட்டியை மட்டும் விடும்."