ஒனுஃப்ரியின் கிணறு

"அடியே, ராட்டினத்தப் புடிச்சிக்கிட்டே தூங்கிடாத. நான் உள்ள போனதும் எவனோடயாவது வண்டியேறிடுவ" என்று கிணற்று விளிம்பில் நின்று ஒனுஃப்ரி சிரித்தான்.

"இந்தப் பொட்டக்காட்டுல எவன்யா இருக்கான், வண்டியேற? பக்கத்து நிலத்து நோர்வேக்காரனா? அவங்கிட்ட சண்டை போடக்கூட பாஷை இல்ல" என்றாள் யாவ்தோகா.

ஒரு காலை வாளிக்குள் வைத்து, கயிற்றை அணைத்தபடி அவன் இறங்கினான். அவள் கைப்பிடியை மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தாள். கோடை முழுக்க, உழவு போக மிஞ்சிய நேரமெல்லாம் இதுதான் வேலை. சொந்த நாடான கலிசியாவிலிருந்து கப்பலேறி வந்து இந்தப் புல்வெளியில் அரசாங்க நிலம் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. புல் இருந்தது, வானம் இருந்தது, நல்ல தண்ணீர்தான் இல்லை. குட்டையிலிருந்து பீப்பாயில் கொண்டுவந்த தண்ணீர் உவர்த்தது. அதைக் குடித்து இரண்டு வயது நஸ்த்யாவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. பத்து ஆள் ஆழம் போயும் மண் ஈரமானதே தவிர ஊற்றுக் கண் திறக்கவில்லை. மாதா திருநாளுக்காக வேலையை நிறுத்தி, குழந்தை தவறி விழுந்துவிடக் கூடாது என்று கிணற்றைப் பலகை போட்டு மூடி வைத்திருந்தார்கள். அன்று காலைதான் பலகையை எடுத்தார்கள்.

பாதி ஆழத்திலிருந்து அவன் குரல் வந்தது. "தலை சுத்துது புள்ள. தூக்கு, மேல தூ..."

கைப்பிடி சட்டென்று இலகுவானது. கீழே மூட்டை விழுந்ததுபோல் ஒரு சத்தம். அவள் குப்புறப் படுத்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவள் குரலே திரும்பி வந்தது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஆளுயரப் புல்லை விலக்கியபடி நோர்வேக்காரனின் மண்வீட்டை நோக்கி ஓடினாள்.

அந்த நோர்வேக்காரன் ஹால்வர் தனியாள். கூரையில் ஏறிப் புல்கற்றை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் இறங்கி வர, மூச்சிரைக்க அவன் முன் நின்றபோதுதான், என்ன சொல்வது என்பது அவளுக்கு உறைத்தது. இருவருக்கும் பொதுவாக இருந்தவை, ரயிலடிக் கடைக்காரனிடம் கற்றுக்கொண்ட நாலைந்து சொற்கள். குதிரை, ரொட்டி, மழை, தண்ணீர். அவற்றில் எதை வைத்து இதைச் சொல்வது? "ஒனுஃப்ரி" என்றாள். விரலால் தரையைக் காட்டினாள். மறுபடியும் "ஒனுஃப்ரி" என்றாள். அவன் அவள் கைகளில் அப்பியிருந்த களிமண்ணைப் பார்த்தான்.  கயிற்றையும் லாந்தரையும் எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடினான்.

கயிற்றில் கட்டி இறக்கிய லாந்தர் பாதி வழியில் அணைந்தது. மூடிக்கிடந்த கிணற்றுக்குள் விஷக்காற்று தேங்கியிருந்தது. யாவ்தோகா கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கப் போனாள். ஹால்வர் அவளை இழுத்துப் பின்னால் தள்ளினான். அவள் அவனை அடித்தாள், தெரிந்த வசவையெல்லாம் சொல்லித் திட்டினாள். அவன் அடிகளை வாங்கிக்கொண்டு வழியை மறித்தபடியே நின்றான். அவள் ஓய்ந்த பிறகு புதர்க் கிளைகளை வெட்டிப் பெரிய கட்டாகக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு ஏற்றினான், இறக்கினான். அவளும் சேர்ந்து இழுத்தாள். கெட்ட காற்று வெளியேற வெயில் சாயும்வரை ஆயிற்று. அதன்பின் இறக்கிய லாந்தர் அடிவரை எரிந்தது. அவன் உள்ளே போனான்.

கயிறு இரண்டு முறை ஆடியதும் அவள் கைப்பிடியைச் சுற்றினாள். புருஷனின் எடை அவளுக்குத் தெரியும். தினமும் சாப்பாட்டுக்கு அவனை மேலே இழுத்தவள் அவள்தான். முன்பெல்லாம் அவனும் சுவரில் கால் உதைத்து ஏறி அவளுக்குப் பாதி பாரத்தைக் குறைப்பான். இப்போது முழுப் பாரமும் அவள் தோளில் இறங்கியது.

சேதி கேட்டு ஒனுஃப்ரியின் அண்ணன் சேமெனும் அவன் மனைவி தெக்லாவும் வண்டியில் ஒரு நாள் தொலைவிலிருந்த குடியிருப்பிலிருந்து வந்தார்கள். பாதிரியார் வசந்தத்தில்தான் இந்தப் பக்கம் வருவார். சேமென் தனக்குத் தெரிந்த ஜெபங்களைச் சொல்லித் தம்பியைப் புதைத்தான். பிறகு மண்வெட்டியோடு நேராகக் கிணற்றடிக்குப் போனான்.

"மூடிட்டு எங்களோட கிளம்பு. பொம்பள தனியா இந்தக் காட்டுல பனியத் தாங்குவியா?"

"இங்கயே குடியிருந்தாத்தான் அரசாங்கம் நிலத்தக் குடுக்கும் மாமா. வந்துட்டா போயிடும்."

"நிலமாம் நிலம்! எந்தம்பியையே முழுங்கிருச்சி, இன்னும் என்னத்த வச்சிப் பாக்கப் போற?"

குவிந்து கிடந்த களிமண்ணில் ஒரு வெட்டு வெட்டிக் கிணற்றுக்குள் எறிந்தான்.

உள்ளிருந்து 'சளக்' என்று கேட்டது.

மூவரும் விளிம்பில் குனிந்து பார்த்தார்கள். சேமென் ஒரு கட்டியை எடுத்துப் போட்டான். மறுபடியும் 'சளக்'. அந்தச் சத்தத்துக்கு நஸ்த்யா கைதட்டினாள். யாவ்தோகா சேமெனின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கித் தள்ளி வைத்தாள்.

"அடியே, புருஷனக் கொன்ன தண்ணிடி அது. அதயா குடிப்ப?" என்றாள் தெக்லா.

"தண்ணியா கொன்னுச்சி? குட்டைத் தண்ணி எம்புள்ளயக் கொல்லுது, அதுக்கு ஒரு வழி சொல்லுக்கா."

 மறுநாள் புறப்படும்போது தெக்லா ஊர் போகும் வழிக்கான தண்ணீரைக் குட்டையில்தான் நிரப்பிக்கொண்டாள்.

கிணற்றுத் தண்ணீரில் இரும்பு வாடை லேசாக இருந்தது. பல் கூசும் குளிர்ச்சி. முதலில் பசுவுக்கு வைத்தாள். அது குடித்துவிட்டு அவளைப் பார்த்தது. பிறகு தானும் குடித்து, குழந்தைக்கும் கொடுத்தாள். இலையுதிரும் முன்பே நஸ்த்யாவின் கன்னத்தில் சதை பிடித்தது. ஆனால் ஆளைக் கொன்ற கிணறு என்று சேதி பரவியிருந்தது. ரயிலடிக்குக் கோதுமை ஏற்றிப் போகிற வண்டிகள் அவள் வீட்டுக்கு முன்பே வளைந்து, சுற்றுப்பாதையில் போயின. நின்று ஒரு வாய் தண்ணீர் கேட்பவர்கள் இல்லை. பனிக்காலம் முழுவதும் அவள் பேசியது பசுவோடும் குழந்தையோடும்தான். சில நாள் பேச்சு தானாகக் கிணற்றடியில் வந்து நிற்கும். "இன்னிக்குக் காத்து பாத்தியாய்யா?" என்பாள். பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்று உணர்ந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு விரைவாக உள்ளே போய்விடுவாள்.

பனி கரைந்து மண் கறுத்த பிறகு ஒரு மத்தியானம், எருதுகள் நுரை தள்ள, ஹால்வர் வேலியோரம் வந்து நின்றான். புதைத்த நாளுக்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வரவில்லை. தொப்பியைக் கழற்றினான். கடைக்காரன் பாஷையில், "தண்ணீர்" என்றான்.

"எந்தக் கிணத்துத் தண்ணின்னு தெரியுமில்ல?" என்றாள் அவள் தன் பாஷையில்.

அவன் குவளைக்குக் கை நீட்டினான். நின்றபடியே இரண்டு குவளை குடித்தான். மீசையைப் புறங்கையால் துடைத்துவிட்டு, நல்ல ரொட்டியைத் தின்றவன்போல் தலையாட்டினான். அவள் எருதுகளுக்கும் தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள்.

"அவரு வெட்டினது" என்றாள். அவ்வளவுதான் சொல்ல நினைத்திருந்தாள். ஆனால் வாய் நிற்கவில்லை. சூப்பில் உப்பு குறைந்தால் ஒனுஃப்ரியின் முகம் போகிற போக்கைச் சொன்னாள். கப்பலில் எல்லோரும் வாந்தியெடுத்துக் கிடக்க, அவன் மட்டும் வெங்காயம் தின்றதைச் சொன்னாள். அவன் குறட்டை விடுவதைச் சொன்னாள், அந்தச் சத்தமில்லாமல் இந்தப் பனிக்காலத்தில் தனக்குத் தூக்கம் வராததைச் சொன்னாள். ஹால்வர் கவிழ்ந்து கிடந்த வேறொரு தொட்டியின்மேல் உட்கார்ந்து கேட்டான். வெங்காயத்துக்கு வருத்தமாகத் தலையசைத்தான். குறட்டைக்கு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். அவள் கண்ணைத் துடைத்தபோது, ஏதோ வேடிக்கை சொன்னாள் என்றெண்ணிப் பாதி சிரித்து, பிறகு நிறுத்திக்கொண்டான்.

எருதுகள் தொட்டியைக் காலி செய்துவிட்டு அடிப்பலகையில் மூக்கை உரசின. யாவ்தோகா பேச்சை நிறுத்தாமலே எழுந்து, வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.