பெட்டிக்குப் பதில் ஒரு ஆர்.டி.

யூஜின் கையில் காசு தங்காது. பெங்களூர் அல்சூரில் அவன் தெருவுக்கே இது தெரியும். சம்பள நாளில் நாலு பேருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுப்பவன், மாசம் பாதி தாண்டியதும் பஸ்ஸுக்குக் கை நீட்டுவான். சூதாட்டம் இல்லை, குடியும் பெரிதாக இல்லை. எங்கே போகிறது என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது. ஓட்டைச் சட்டைப்பை மாதிரி ஒரு மனுஷன்.

முப்பது வயது வரை அவன் பட்டினி கிடக்காததற்கு ஒரே காரணம் அவன் அக்கா. முழுப் பெயர் எலிசபெத். வீட்டிலும் தெருவிலும் பெட்டி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. தம்பிக்குச் சம்பளம் வந்த அன்றே பாதியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மாசக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பாள். "பேருக்கேத்த பெட்டிடா உங்கக்கா, பூட்டு மட்டும்தான் இல்ல" என்று தெருவில் சிரிப்பார்கள். அம்மா போன பிறகு இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இதில் மாட்டிக்கொண்டவர் கிளிஃபர்ட். லிஃப்ட் மெக்கானிக், வைட்ஃபீல்ட் அபார்ட்மெண்டுகளில் வேலை. நாலு வருஷமாகப் பெட்டியைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்கிறார். பெட்டிக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் பேச்சை எடுத்தால், "நான் போயிட்டா இவனை யார் பாத்துப்பா?" என்பாள்.  கிளிஃபர்ட்டிடம் அதற்குப் பதில் இருந்தது, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் இல்லை.

இந்த வருஷம் சிக்கல் முற்றியது. சாம்பல் புதன் நெருங்கிவிட்டது. தவக்காலம் தொடங்கினால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். இந்த ஞாயிறு முதல் ஓலை வாசிக்காவிட்டால், ஈஸ்டர் முடிந்து பார்க்கலாம் என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிளிஃபர்ட்டுக்கு நாற்பத்தொன்று முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது பெட்டி தம்பியிடம் சொன்னாள்.

"நாளைக்கு மூணாவது சனி, பேங்க் உண்டு. நீயே போய், மாசாமாசம் தானா பிடிக்கிற மாதிரி ஒரு ஆர்.டி. திற. உன் காசுல. திறந்துட்டு வந்து காட்டு, நான் கிளிஃபர்ட்டுக்குச் சரின்னு சொல்றேன்."

"இவ்ளோதானாக்கா? இதோ, ஃபோன்லயே திறந்துடறேன்."

"ஃபோன்ல திறந்ததை ஃபோன்லயே ரெண்டு தடவை உடைச்சவன்தானே நீ? படுத்துக்கிட்டே உடைச்ச. ப்ரான்ச்சுக்குப் போ. ஒரு ஆள் மூஞ்சியைப் பாத்துத் திற. அப்பதான் உடைக்கப் போறப்ப வெக்கமா இருக்கும்."

யூஜின் பகலில் பேங்குக்குள் போனதே இல்லை. ஆறு வருஷம் கால் சென்டரில் நைட் ஷிஃப்ட். பேங்க் திறந்திருக்கும் நேரமெல்லாம் அவன் ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்கிய நேரம். போன மழைக்காலத்தில் ஒருநாள், பாதிப் பேச்சில் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். இப்போது பீன்யாவில் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவு. சம்பளம் குறைவு, வெயில் அதிகம். தூக்கம் மட்டும் வருகிறது.

சனிக்கிழமை பேங்க் வாசலில் ஸ்கூட்டர் மேல் கிளிஃபர்ட் உட்கார்ந்திருந்தார். கம்பெனி யூனிஃபார்ம், கையில் ஹெல்மெட்.

"வா மச்சான்!"

"இன்னும் ஆகலைண்ணா."

"ஆயிடும்டா, வாய் முகூர்த்தம். எவ்ளோ போடப் போற?"

"கணக்குல ஆயிரத்து முந்நூறு இருக்கு."

கிளிஃபர்ட் கண்ணை மூடித் திறந்தார். "மச்சான், லிஃப்ட் நடுமாடியில நின்னுட்டா உள்ள இருக்கிறவன் எப்படிக் கத்துவான் தெரியுமா? நான் நாலு வருஷமா உள்ள நிக்கிறேன். கத்தக்கூட இல்ல. கேளு. மாசம் ஐயாயிரம்னு போடு. பாத்தவுடனே உங்கக்கா மயங்கிடணும். மாசாமாசம் நான் உனக்கு அனுப்பிடறேன். யாருக்கும் தெரியாது."

"அக்கா என் காசுன்னு சொல்லிச்சு."

"காசுல பேரா எழுதியிருக்கு?"

யூஜின் பதில் சொல்வதற்குள் அவன் ஃபோன் சிணுங்கியது. ஐயாயிரம் வந்துவிட்டது.

உள்ளே டோக்கன் எடுத்து உட்கார்ந்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கிளிஃபர்ட் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஒன்றும் தெரியாதவர் மாதிரி திரும்பிக்கொண்டார், மறுபடி எட்டிப் பார்த்தார்.

யூஜின் பெரிய யோக்கியன் இல்லை. ஐயாயிரம் கணக்கில் இருந்தது, வாய் திறந்தால் போதும். அக்காவுக்குக் கல்யாணம், கிளிஃபர்ட்டுக்குச் சந்தோஷம், அவனுக்கும் வருஷ முடிவில் அறுபதாயிரம். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் உட்கார்ந்து யோசிக்க டோக்கன் நேரம் கொடுத்தது, அதுதான் கெடுத்தது. இத்தனை நாள் அக்கா பார்த்துக்கொண்டாள். இனி மாமா பார்த்துக்கொள்வார். வைத்துக்கொள்கிற பெட்டிதான் மாறும், உள்ளே கிடப்பது அதே யூஜின்தான். அது அவனுக்குக் கொஞ்சம் அசிங்கமாக இருந்தது.

கவுண்டரில் நாகரத்னா என்று பெயர்ப் பலகை. ஐம்பது வயதிருக்கும். பாதிக் கன்னடம், பாதித் தமிழ்.

"ஆர்.டி.யா? எஷ்டு? எவ்ளோ போடணும்?"

"நிறையப் போடறவங்க எவ்ளோ போடுவாங்க மேடம்?"

"நிறையப் போடறவங்கதான் மூணே மாசத்துல மூஞ்சைத் தொங்கப் போட்டுட்டு என்கிட்டயே வந்து நிப்பாங்க, உடைச்சுக் குடுங்கன்னு. உங்களால முடியறது எவ்ளோ?"

யூஜின் மனசுக்குள் தன் மாசத்தை ஓட்டிப் பார்த்தான். பஸ், சாப்பாடு, பிரியாணி. பிரியாணியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினான்.

"ஐநூறு."

"ஐநூறா, ஐயாயிரமா? சரியாச் சொல்லிடுங்க."

"ஐநூறுதான் மேடம். ஒரு நிமிஷம்." ஃபோனை எடுத்து, வந்த ஐயாயிரத்தை வந்த வழியே திருப்பி அனுப்பினான். கண்ணாடிக்கு வெளியே கிளிஃபர்ட் தன் ஃபோனைப் பார்த்தார். அப்புறம் யூஜினைப் பார்த்தார். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் மேல் சாய்ந்துவிட்டார்.

நாகரத்னா தட்டிக்கொண்டே கேட்டாள். "ஒரு வருஷம். ஏழாம் தேதி தானாப் பிடிக்கும். நாமினி யாரு?"

"பெட்டிக்கா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கன்னடத்தில் பெட்டியைப் பெட்டிகெ என்பார்கள். "பெட்டிகெனா? லாக்கர் வேணும்னா அந்தக் கடைசி கவுண்டர். இங்க ஆள் பேரு சொல்லுங்க."

"ஆள்தான் மேடம். பெட்டி. என் அக்கா."

"அக்கா பேரு பெட்டிகெயா?"

"இல்ல மேடம், எலிசபெத். பெட்டின்னு கூப்பிடுவோம்."

"அய்யோ, மொதலே ஹேளோதல்வா! முதல்லயே சொல்றதில்லையா!" அவள் சிரித்த சிரிப்பில் கடைசி கவுண்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் கன்னடத்தில் சொல்லப்பட்டது. அவரும் சிரித்தார். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "பணத்தைப் பெட்டியில வைக்கிறதுக்கு பேங்க் எதுக்குப்பா?" என்றார். யூஜினுக்குக் கூச்சம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஆள் மூஞ்சியைப் பார்த்துத் திறக்கச் சொன்னாள் அக்கா. இவன் பேங்க் முழுவதையும் சிரிக்க வைத்துத் திறந்துவிட்டான். இனி உடைக்க வந்தால் அத்தனை பேரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

வெளியே வந்ததும் கிளிஃபர்ட் ரசீதை வாங்கிப் பார்த்தார்.

"ஐநூறாடா? நான் லிஃப்டுக்கு ஊத்துற எண்ணெய்கூட இதைவிட அதிகம்டா. உங்கக்கா இதைப் பாத்தா ஈஸ்டர் இல்ல, கிறிஸ்துமஸும் தாண்டிடும்."

"என் காசு இவ்ளோதாண்ணா."

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். யூஜின் பின்னால் ஏறினான். பின்சீட்டில் உட்கார்ந்து ரசீதைச் சட்டைப்பையில் வைத்து, பை ஓட்டையில்லையே என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

பெட்டி டூட்டி முடிந்து வந்து குளித்து, ஈரத் தலையோடு நின்றாள். ரசீதை வாங்கினாள். ஜன்னலுக்கு நேரே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எக்ஸ்ரே பார்த்துப் பார்த்து அவளுக்கு எந்தக் காகிதத்தையும் அப்படித்தான் பார்க்க வரும்.

"ஐநூறா?"

"ஆமாக்கா."

கிளிஃபர்ட் குறுக்கே வந்தார். "பெட்டி, முதல்ல ஐநூறு, அப்புறம் போகப் போக ஏத்திக்கலாம். அவனைத் திட்டாத..."

"ஐயாயிரம்னு இருந்திருந்தா இங்கயே கிழிச்சுப் போட்டிருப்பேன்."

கிளிஃபர்ட் ஓடாத ஃபேனைப் பார்த்தார்.

"ஏன்க்கா?"

"இவர் காசுன்னு தெரிஞ்சிருக்கும். மாசம் பாதியில உன்கிட்ட ஐயாயிரம் ஏது? ஐநூறுன்னா சத்தியமா உன்னோடதுதான்." ரசீதை இறக்கினாள். "ஏன் கிளிஃபர்ட், அனுப்பினியா இல்லையா?"

"அனுப்பினேன்" என்றார் கிளிஃபர்ட், ரொம்பச் சின்னக் குரலில். "திருப்பிட்டான்."

பெட்டி சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாமினி இடத்தில் தன் பெயரைப் பார்த்து, அதற்கும் சிரித்தாள். யூஜின் பெட்டிகெ கதையைச் சொன்னதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிளிஃபர்ட்டுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து நின்றார்.

"என்ன நிக்கிற? ஃபாதர் அஞ்சு மணிக்குமேல ஆபீஸ்ல இருக்க மாட்டார். நாளைக்கு ஓலை வாசிக்கணுமா, வேணாமா?"

அவர் ஸ்கூட்டர் சாவியைத் தேடி மூன்று பையிலும் கையை விட்டார். சாவி கையிலேயே இருந்தது.

பெட்டி தலையைத் துவட்டி முடிந்துகொண்டு பின்னால் ஏறினாள். யூஜின் வாசலுக்கு வந்தான்.

"மாமா, மெதுவா ஓட்டுங்க. அக்கா ஈரத் தலையோட வருது."

மாமா என்றதும் கிளிஃபர்ட் கிளப்பிய வண்டி ஒருமுறை நின்றுபோனது. மறுபடி கிளப்பினார்.

"அக்கா, நீங்க வர்றதுக்குள்ள நான் பிரியாணி வாங்கி வைக்கிறேன்!"

"கணக்குல எவ்ளோ இருக்கு?"

"எண்ணூறு."

"குஸ்கா வாங்கு!" என்று தெருமுனையிலிருந்து கத்தினாள் பெட்டி.

யூஜின் மூன்று குஸ்கா வாங்கினான். மாமாவுக்கு மட்டும் ஒரு முட்டை சேர்த்து.