ஒரு ஸ்டார்

குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. நாளொன்றுக்கு எண்ணூறு சட்டைகள் என் மேஜைக்கு வரும். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தூக்கிப் போடுவேன். பதினோரு வருடம் இதையே செய்தவனுக்குக் கடற்கரைக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. என் மனைவி என்னோடு ஓட்டலுக்கு வருவதை நிறுத்தி நாலு வருடமாகிறது. நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அங்கே நான் செய்த காரியத்துக்கு நியாயமே கிடையாது.

நான் தனியாக விடுமுறைக்குப் போனது கடற்கரையோரமாக நாலே அறைகள் உள்ள ஒரு விடுதிக்கு. வீட்டுக்காரர்களே நடத்துகிறார்கள். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அந்த அம்மாள் 'அக்கா'. அறை, துணி, வரவேற்பு எல்லாம் அவர் பொறுப்பு. சமையல் அவருடைய கணவர், 'மாஸ்டர்'. மாஸ்டருக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்வை முழுக்கப் போய்விட்டது. நான் போய் இறங்கிய அன்றைக்கே, தலையணை உறை மாற்ற வந்தபோது என் வேலையை விசாரித்துவிட்டு அக்கா சொல்லிவிட்டார்.

"ஒரு வருஷத்துக்கும் மேல கட்டில விட்டு எந்திரிக்கல தம்பி. பேச்சே இல்ல. மூணு மாசமாத்தான் அடுப்புப் பக்கம் வர்றாரு. சாப்பிட்டவங்க போன்ல நாலு நல்ல வார்த்த எழுதுறாங்கல்ல, அத தினமும் காலைல வாசிச்சுக் காட்டுவேன். அதக் கேட்டாத்தான் அடுப்பையே பத்த வைப்பாரு. மறுபடி படுத்துட்டாருன்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது."

'உச்' கொட்டினேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும், ஜன்னல் கொக்கியில் துரு இருக்கிறதா, துண்டு மொரமொரப்பாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு என்னைத் தவிர, வேனில் வந்த ஒரு பெரிய குடும்பமும் இருந்தது. மீனை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாஸ்டரை மேஜைக்கே வரவழைத்துப் பேசிவிட்டு வேன் ஏறிப் போனார்கள். என் தட்டில் விழுந்த மீன் ஒரு ஓரம் கருகியிருந்தது. ஒரே ஒரு ஓரம்.

சாப்பிட்ட கையோடு அறைக்குப் போய், ஏதோ ஒரு கற்பனைப் பெயரில் விடுதியைப் பற்றிப் போனில் எழுதினேன். 'மீன் கரிக்கட்டை. சமையலறையில் ஓயாமல் பாத்திரம் உருளுகிறது. கண் தெரியாதவரை அடுப்படியில் நிறுத்தி, சாப்பாட்டுக்குப் பதில் அனுதாபத்தைப் பரிமாறுகிறார்கள்.' ஒரு ஸ்டார். கடைசி வரி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு தடவை வாசித்து ரசித்துவிட்டுத்தான் போட்டேன்.

அக்கா சொன்னது மறந்துவிட்டதா என்றால், இல்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும்போது, தைத்தவளின் முகத்தையா நினைத்துக்கொள்கிறேன்?

காலையில் அக்கா போனோடு சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் எதிர் மேஜையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். போனைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. ஒரு நொடிதான். பிறகு கணீரென்று வாசித்தார்.

"மீன் அருமை. எங்கம்மா கையால சாப்பிட்ட மாதிரி இருந்தது. மாஸ்டர் நல்லா இருக்கணும்."

"எத்தன ஸ்டாரு?"

"அஞ்சு. பின்ன?"

மாஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தார். நான் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். காது மடல்வரை சுட்டது. உடனே அழித்திருக்கலாம். போனை எடுக்கவும் செய்தேன். பதினேழு பேர் லைக் போட்டிருந்தார்கள். பஸ் ஏறியதும் அழித்துக்கொள்ளலாம் என்று திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். இதைச் சொல்லும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

அக்கா படுக்கை விரிப்புகளை உலர்த்த மொட்டைமாடிக்குப் போனார். தட்டைக் கொண்டுபோய் வைக்கலாமென்று சமையலறைக்குள் போனேன். மாஸ்டர் டப்பாக்களைத் தடவிக்கொண்டிருந்தார். உப்புக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு, மிளகுத்தூளுக்கு மூன்று.

"யாரு, செக்கிங் சாரா?"

"நான்தாண்ணே."

"அவ போனு அந்த ஸ்டூல்லதான கெடக்கு? அந்த மீன் விஷயத்த இன்னொரு தடவ வாசிங்களேன். ஆசையா இருக்கு."

போனை எடுத்தேன். அதே பக்கம் திறந்தபடி கிடந்தது. வாய்க்கு வந்ததை விட்டேன். "மீன் பிரமாதம். இப்படி ஒரு ருசி எங்கயும் கண்டதில்ல. கண்டிப்பா மறுபடி வருவோம்."

மாஸ்டரின் கை டப்பா மேலேயே நின்றுவிட்டது.

"அவ வேற மாதிரி வாசிச்சாளே. அம்மா கைன்னு ஏதோ..."

"அது... அதுவும் இருக்குண்ணே. கீழ இருக்கு."

"சார், நீங்க குறை சொல்லிச் சம்பளம் வாங்குறவரு. உங்களுக்குப் பொய் வரல. இருக்கிறத வாசிங்க."

வாசித்தேன். நான் எழுதியதை நானே, ஒரு வார்த்தை விடாமல். அறையில் தனியாக வாசித்து ரசித்த அந்தக் கடைசி வரி, அவர் முகத்துக்கு நேராகச் சொல்லும்போது நாக்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

கத்துவார் என்று நினைத்தேன். "கருகினது நெசந்தான். வாசனையிலயே தெரிஞ்சுது" என்றார். "யாரு எழுதுனதுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஒரே வார்த்தை. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன்.

"பேரு சரியா இல்லண்ணே. நேத்து வேன்ல வந்தவங்களா இருக்கும்."

அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"அவங்களா? கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்களே. அந்தம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டுப் பேசுச்சே." டப்பா மேலிருந்த கையை எடுத்தார். "அப்ப நேர்ல சொல்றதும் சும்மாதானா."

தடவிப் பார்த்து அடுப்பின் திருகை மூடினார். ஏப்ரனை அவிழ்த்து நாலாக மடித்து மேடை மேல் வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளறைக்குப் போனார். கட்டில் கிறீச்சிடுவது எனக்குக் கேட்டது.

அவங்க இல்லண்ணே என்று சொல்ல உள்ளறை வாசல்வரை போனேன். அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

அக்கா ஈரக் கையோடு இறங்கி வந்தார். அணைந்த அடுப்பைப் பார்த்தார், மடித்த ஏப்ரனைப் பார்த்தார், என் கையில் இருந்த தன் போனைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய்த் தாழ்ந்த குரலில் என்னவோ கெஞ்சினார். திரும்பி வந்து, மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து அவர்தான் என் பக்கம் வந்து முதுகில் தட்டினார்.

"நீங்க ஏன் தம்பி கலங்குறீங்க? அவரு வாசிக்கச் சொன்னாரு, நீங்க வாசிச்சீங்க. எவனோ மனசாட்சி இல்லாம எழுதுனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.