கலாதேவி வீட்டுச் சாம்பல்

சிலிபின் என்ற ஊரில் கலாதேவியின் வீட்டின்மேல் மட்டும் பத்தொன்பது நாள் சாம்பல் பெய்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கி அரை மணி நேரம் விழும். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகளில் ஒரு பொட்டுக்கூடப் படவில்லை. குப்பை எரிக்கிறார்கள் என்று யாரோ புகார் கொடுக்க, அதிகாரிகள் இருவர் வந்து அடுப்பைப் பார்த்தார்கள், சாக்கடையைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், பிறகு புகைமூட்டம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு மாரியம்மா அதைத் திருநீறு என்று முடிவு செய்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டாள். மூன்றாம் நாள் எதிர்வீட்டுக் கத்தரின், சாம்பல் புதனன்று தான் தேவாலயத்துக்குப் போகாத குறையை ஆண்டவரே வந்து தீர்த்துவிட்டதாக நம்பினாள். அப்புறம் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? பக்கத்து ஊரான செமோரிலிருந்தெல்லாம் சாம்பல் அள்ள டப்பாவோடு வந்தார்கள்.

அந்தக் கூட்டம் யாருக்கு ஆகாதோ அவர் அதே வீட்டின் பின்னறையில் இருந்தார். ஜெயபாலன் இலங்கைத் தீவுக்காரர். இந்த நாட்டில் தங்குவதற்குக் கையில் ஒரு பத்திரமும் கிடையாது. கார் கழுவும் கடையில் வேலை. பேச்சைக் கேட்டால் ஊர் தெரிந்துவிடும் என்று பதினோரு வருடமாகத் தலையாட்டியே காலத்தை ஓட்டியவர். தீவில் அவர் எழுத்தாளர். ஆற்றுக்கு இக்கரையில் ஒரு தமிழ் ஊர், அக்கரையில் ஒரு சிங்கள ஊர், நடுவே பாலத்தில் கடிதம் சுமக்கும் ஒரு தபால்காரன் என்று ஒரு நாவல் எழுதினார். அவர் எழுத எழுத, நிஹால் என்ற சிங்கள நண்பர் அதைத் தம் மொழியில் பெயர்த்து வந்தார். பதினெட்டு அத்தியாயம் முடிந்ததும், உன் ஆள் இனி எங்கள் ஊருக்குள் வருகிறான், அதனால் கடைசி அத்தியாயத்தை நான்தான் எழுதுவேன் என்று நிஹால் பிடிவாதம் பிடித்தார். எழுதியும் முடித்தார். அதைக் கொடுப்பதற்குள் இருவர் வீட்டிலும் சோதனை என்று செய்தி வரவே, இருவரும் அவரவர் அடுப்பில் எல்லாத் தாளையும் எரித்தார்கள். நிஹால் காணாமல் போனார். ஜெயபாலன் கடல் கடந்து இங்கே வந்து சேர்ந்தார். தபால்காரன் பிழைத்தானா என்பது அவருக்கே தெரியாது.

முதல் நாள் சாம்பலைப் பெருக்கிய கலாதேவி, அரிசி களையும்போது முதல் அத்தியாயத்தைப் பிசகில்லாமல் தீவுத் தமிழில் சொன்னாள். மாரியம்மா மீன் கடையில் கெம்போங் மீனுக்குப் பேரம் பேசும் இடத்தில் இரண்டாம் அத்தியாயத்தைச் சொன்னாள். யார்மேல் எந்த நாள் சாம்பல் பட்டதோ அந்த அத்தியாயம் அவர் வாயில் வந்தது. ஜெயபாலன் மட்டும் எவ்வளவு பூசியும் ஒரு வரி வரவில்லை. கலாதேவி சொல்லச் சொல்ல, அவர் சாம்பல் ஒட்டிய கையோடு நின்று அழுதார்.

பதினெட்டாம் நாள், லோரி ஓட்டும் கலாதேவியின் தம்பி தேவன் ஓடி வந்தான். மாரியம்மா தீவுத் தமிழில் கதை சொல்வதை யாரோ படம்பிடித்துப் போட்டிருந்தார்கள்.

"அண்ணே, வீடியோ எல்லா இடத்துக்கும் போயிருச்சு. நாளைக்கு குடிநுழைவுக்காரனுங்க வந்துருவானுங்க. இன்னிக்கே கெளம்பிரலாம்லா."

"நாளைக்கு விழப்போறது நிஹாலின்ரை அத்தியாயம்," என்றார் ஜெயபாலன். "அதை நான் இன்னும் வாசிக்கேல்லை, தம்பி."

கலாதேவிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினோரு வருடம் அவரை மறைத்து வைத்தவள் அவள். கடைசியில், சாம்பல் விழுந்ததும் அள்ளிக்கொண்டு ஓடிவிடுவது என்று முடிவானது. மறுநாள் கேட்டைப் பூட்டினாள். தேவன் பின்சந்தில் லோரியை முடுக்கியே வைத்திருந்தான். ஏழு மணி ஆனது, விழவில்லை. ஏழே கால் ஆனது, விழவில்லை. ஏழு இருபதுக்குக் குடிநுழைவு அதிகாரிகளின் வேன் வந்து நின்றது. கலாதேவி ஜெயபாலனைப் பின்கதவு வழியாகத் தள்ளிவிட்டு, கேட்டைத் திறந்தாள். வந்தவர்களில் தனேஸ்வரன் ஒருவன்தான் தமிழன். பத்து காஜா என்ற ஊரில் பிறந்தவன், சிங்களம் என்றால் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாதவன். பெரியவர்களிடம் பேசும் மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றினான். அப்போது ஒரே ஒரு பிடிச் சாம்பல் விழுந்தது, முழுக்க அவன் தலையில்.

அடையாள அட்டை கேட்க வாயைத் திறந்தவன் சிங்களத்தில் கதை சொல்லத் தொடங்கினான். சொல்லிக்கொண்டே வந்தவன் பயந்துபோய் நடுவில் நிறுத்தினான்.

"அக்கா, நான் என்னா பேசுறேன்? எனக்கே ஒன்னும் வெளங்கலலா."

பின்சந்தில் லோரிப் படியில் ஒரு காலை வைத்திருந்த ஜெயபாலன் அந்தக் காலைக் கீழே எடுத்து வைத்தார். தேவன் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, முன்வாசலுக்கு வந்து, அதிகாரிகள் ஐந்து பேர் முன்னால் நின்றார்.

"நிப்பாட்டாதேங்கோ தம்பி," என்றார். "அவன் இன்னும் பாலத்திலைதான் நிக்கிறான்."

தனேஸ்வரன் மிச்சத்தையும் சொன்னான். தபால்காரன் பாலத்தைத் தாண்டினான். அக்கரை ஊரில் அவனை உட்காரச் சொல்லி, பால் இல்லாத தேநீர் கொடுத்து, கடிதத்தை அவன் வாயாலேயே படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவ்வளவுதான் அத்தியாயம். ஜெயபாலன் தோளில் இருந்த துண்டால் தனேஸ்வரன் தலையைத் துடைத்துவிட்டு, தாமே போய் வேனில் ஏறிக்கொண்டார். அன்றோடு சாம்பல் நின்றது.

இப்போது அவர் தடுப்பு முகாமில் இருக்கிறார். எப்போது, எங்கே அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் நாவலை எழுதி முடிக்க வேண்டும் என்று, பார்வையாளர் நாட்களில் எல்லாம் சிலிபின்காரர்கள் அத்தியாய வரிசை பிசகாமல் போய் நிற்கிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர்கள் சொல்ல, அந்தப் பக்கம் அவர் எழுதுகிறார். வரிசையின் கடைசியில் சீருடை இல்லாமல் தனேஸ்வரன் நிற்பான். பதிவேட்டில் கைதிக்கு என்ன உறவு என்று கேட்கும் கட்டத்தில் கலாதேவி முதல் அத்தியாயம் என்று எழுதுவாள், மாரியம்மா இரண்டாம் அத்தியாயம் என்று எழுதுவாள். தனேஸ்வரன் கடைசி அத்தியாயம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். காவலர் அதைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தி உள்ளே அனுப்புவார்.