மூன்றாம் காட்சி

தேங்காய் மண்டி சந்தனம் இரண்டாவது வரிசையில் வந்து உட்கார்ந்ததை அமுதவல்லி திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். சட்டென்று திரையை இழுத்து மூடினாள்.

ஆலங்குடி கல்யாண மண்டபத்தில் அன்று மாலை அவளுடைய குழுவின் நாடகம். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தும் அமுதவல்லி எழுதி இயக்குவாள். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் அருள்மணி, நர்ஸ் ஷீபா, இன்னும் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஒத்திகை பார்ப்பார்கள். இந்த முறை கதை, தானாகவே கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணைப் பற்றியது. மூன்றாம் காட்சியில் அவள் பிறந்த வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறாள். அப்பா திறப்பதில்லை.

அது சந்தனத்தின் வீட்டில் நிஜமாகவே நடந்தது. அவருடைய மகள் காவ்யா, அமுதவல்லியிடம் படித்தவள். போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசியபோது அழுதுகொண்டே சொன்னாள். அமுதவல்லி நாடகத்தில் பெயர்களை மாற்றினாள். சந்தனத்தின் தேங்காய் மண்டியை ஜவுளிக்கடை ஆக்கினாள். அது போதும் என்று நினைத்திருந்தாள். சந்தனம் நாடகம் பார்க்க வருகிற ஆளே இல்லை. யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் காட்சியை விட்டுவிடலாமா என்று அருள்மணியிடம் கேட்டாள். அப்பாவாக நடிப்பது அவர்தான். அதை விட்டால் நாடகத்தில் என்ன மிச்சம் என்றார். சொல்லிவிட்டு, கட்டியிருந்த வேட்டியை மறுபடி அவிழ்த்துக் கட்டினார். சந்தனம் எழுந்து சத்தம் போட்டால் நடிப்பதா நிறுத்துவதா என்று கேட்டார்.

முதல் இரண்டு காட்சிகள் எப்படிப் போயின என்று அவள் கவனிக்கவே இல்லை. சந்தனத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மூன்றாம் காட்சி. மேடை நடுவே ஒரு பிளைவுட் கதவு. அந்தப் பக்கம் ஷீபா. இந்தப் பக்கம் நாற்காலியில் அருள்மணி.

ஷீபா தட்டினாள். "அப்பா, நாந்தான்ப்பா."

அருள்மணி பேப்பரைப் புரட்டினார். சந்தனம் எழுந்தார். மண்டபமே அவர் பக்கம் திரும்பியது.

"அவன் பேப்பர் படிக்கலங்க," என்றார். குரல் உயரவில்லை. "கதவுக்கிட்டதான் நின்னான். தாப்பாள்ல கைய வச்சுக்கிட்டு, புள்ள போற வரைக்கும் நின்னான்."

அருள்மணி பக்கவாட்டில் நின்ற அமுதவல்லியைப் பார்த்தார். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். கதவருகே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்து நின்றார். ஷீபா திரும்பவும் தட்டினாள். அவர் திறக்கவில்லை. அவள் படியிறங்கிப் போனாள். காட்சி முடியும்வரை சந்தனம் நின்றுகொண்டே இருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

நாடகம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கும்போது சந்தனம் அமுதவல்லியிடம் வந்தார்.

"டீச்சர், புள்ள நம்பர் ஒங்ககிட்ட இருக்கும்ல. குடுங்க."

காவ்யாவிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை நடந்ததையெல்லாம் காவ்யாவிடம் போனில் சொன்னாள். கதவருகே நின்றதாக அவர் சொன்னதையும் சொன்னாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதியிருக்கலாம்ல டீச்சர்," என்றாள் காவ்யா.

அமுதவல்லி தப்புதான் என்றாள். நம்பரை இப்போது கொடுக்க வேண்டாம் என்றும், தோன்றும்போது தானே அப்பாவைக் கூப்பிடுவதாகவும் சொல்லிக் காவ்யா போனை வைத்தாள்.

இதைச் சொல்ல அமுதவல்லி சந்தனத்தின் மண்டிக்குப் போனாள். அங்கே லாரியில் தேங்காய் ஏறிக்கொண்டிருந்தது. சந்தனம் முழுவதையும் கேட்டார்.

"பேசமாட்டேன்னு சொல்லலைல்ல?"

"சொல்லலைங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். புள்ளைக்கு எந்தப் பக்கம் வீடு, வேலைக்குப் போகிறதா, விசேஷம் ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அமுதவல்லிக்கு எல்லாமே தெரியும். வாய் வரை வந்ததை நிறுத்திக்கொண்டாள்.

"நல்லா இருக்குங்க," என்று மட்டும் சொன்னாள்.