கெட்டிக் காற்று

அஞ்சாறு வருஷத்துக்கு முந்தி ஒரு கார்த்திகையில், ராஜபாளையத்தில் பாண்டிதுரையின் வீட்டுக்குள் மட்டும் காற்று கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியானது. தெருவில் காற்று பழையபடிதான் இருந்தது. கை தவறிய தம்ளர் தரைக்கு வர செத்த நேரம் ஆகும், அவ்வளவுதான், சமாளித்துக்கொண்டார்கள். தொல்லை வந்தது அவன் பெண்டாட்டி மாரிக்கனிக்கு அடுக்களையில் வைத்துப் பிரசவ வலி எடுத்த அன்றைக்கு. காலையில் வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கியவள் மத்தியானம் நடுவீட்டில்தான் நின்றாள். வெளியே ஆட்டோ உறுமிக்கொண்டு கிடந்தது.

வாசலில் நின்ற ஆம்பிளைகள் என்ன செய்தார்கள்? அளந்தார்கள்! புருஷன் பாண்டிதுரைக்கு, தறிக்குப் போகும் பாவுநூலுக்குக் கஞ்சி போடும் மில்லில் வேலை. அடியில் ஓட்டை போட்ட கோப்பையில் கஞ்சியை மொண்டு, எத்தனை நொடியில் வடிகிறது என்று பார்ப்பவன். வீட்டுக் காற்றையும் அப்படியே மொண்டு, "இருபத்தெட்டு செகண்டு" என்றான். அதே மில்லின் லேப்காரன் எட்வின், செகண்டெல்லாம் செல்லாது, கெட்டியை சென்டிபாய்ஸ் அளவில் சொன்னால்தான் கணக்கு என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் மாரிக்கனியின் அண்ணன் சங்கிலிப்பாண்டி கரண்டியை நட்டுப் பார்த்து, இன்னும் திரளவில்லை என்றான். அதோடு விட்டார்களா? கஞ்சி சூட்டில் இளகும், அடுப்பை மூட்டு என்றான் புருஷன். பால் சூட்டில்தான் இறுகும், அடுப்பைத் தொட்டால் தெரியும் சேதி என்றான் அண்ணன். அட கூறுகெட்டவர்களா, உள்ளே ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாளே!

"நல்லா அளங்க! அளந்து முடிக்கிற வரைக்கும் பிள்ளைய நிப்பாட்டி வைக்கேன்" என்று மாரிக்கனி போட்ட சத்தம் வாசலுக்கு வந்து சேரவே நேரமானது.

எதிர்வீட்டு நர்ஸ் இசக்கியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள்.

"பொறுங்கக்கா, ரீடிங் இன்னும் நிக்கல" என்றான் எட்வின்.

"அவ வலிக்கு என்ன யூனிட்டு வச்சிருக்க? தள்ளுலே அங்கிட்டு!"

அவள் காற்றை விலக்கி விலக்கிப் போய்ச் சேருவதற்குள், நின்றவாக்கிலேயே பிள்ளை வந்துவிட்டது. பிடிக்க ஆளில்லை. பிள்ளை விழவில்லை. முழங்கால் உயரத்தில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இசக்கியம்மாள் போய் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டாள், பொட்டப்பிள்ளை. அதன் அழுகை வாசலுக்கு வந்தபோது மூன்று பேரும் சூட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காற்று இன்றைக்கும் இளகவில்லை. வேறு வீடு பார்ப்போம் என்று பாண்டிதுரை வருஷா வருஷம் சொல்கிறான்.

"நீங்க வேணா போங்க" என்கிறாள் மாரிக்கனி. "எம் பிள்ளைய அன்னைக்கு இதுதான் ஏந்திக்கிட்டு இருந்துச்சு."

சொல்லிவிட்டு, அந்தரத்தில் தூங்கும் மகளுக்குப் போர்வையைச் சரிசெய்கிறாள்.